கிபயோனியரின் இரத்தமும் டெரி நகரத் தெருக்களும்

சாமுவேல் இரண்டாம் நூலின் 21ஆம் அதிகாரம் ஞாயிறு வழிபாடுகளில் நம் செவிகளில் விழுவதில்லை. அதைப் பற்றி மறையுரை ஆற்றவும் பலர் தயங்குவர். ஏனெனில் அது கேட்பதற்கு இனிய பகுதி அன்று. தாவீதின் ஆட்சியில் மூன்று ஆண்டுகள் இடைவிடாப் பஞ்சம். அரசர் ஆண்டவரின் திருமுன் சென்று காரணம் வினவுகிறார். முன்பு ஆண்ட சவுல் கிபயோனியரைக் கொன்ற இரத்தப்பழி நாட்டின்மீது கிடக்கிறது என்று விடை வருகிறது. கிபயோனியர் யார்? அவர்கள் இஸ்ரயேலர் அல்லர். யோசுவாவின் காலத்தில், உங்களை அழிக்கமாட்டோம் என்று ஆண்டவர் பெயரால் ஆணையிட்டு வாழவிடப்பட்ட சிறுபான்மையினர். விறகு வெட்டியும் தண்ணீர் சுமந்தும் பிழைத்தவர்கள். அந்த ஆணையை அரசே முறித்தது. அதுவும் தன் இனத்தின்மீது கொண்ட பற்றினால் முறித்தது என்று விவிலியம் கூறத் தயங்கவில்லை.

இங்கே நம்மை நிறுத்தி வைப்பது வேறொரு செய்தி. சவுலின் வரலாற்றை விரித்துரைக்கும் முதல் நூலில் இந்தப் படுகொலை ஓரிடத்திலும் சொல்லப்படவில்லை. அவர் வென்ற போர்கள் உள்ளன. அவருடைய சினமும் பொறாமையும் கூட உள்ளன. கிபயோனியரின் சாவு மட்டும் இல்லை. அரசர் மாறி, ஆட்சி மாறி, பஞ்சம் வந்து கதவைத் தட்டிய பிறகே அது வெளிப்படுகிறது. ஏட்டில் எழுதப்படாத இரத்தம் மண்ணில் எழுதப்பட்டிருந்தது.

பயங்கரவாதம் என்ற சொல்லை இன்று கேட்கும்போதெல்லாம் இந்த அதிகாரம் நம் நினைவில் எழுகிறது. அச்சொல்லை அரசுகளே மிகுதியாகப் பயன்படுத்துகின்றன. குண்டு வெடித்த மறுநாள் காலை அமைச்சர்கள் விடுக்கும் அறிக்கைகள் எந்நாட்டிலும் ஒரே வார்ப்பில் இருக்கும். கோழைத்தனமான செயல், சட்டத்தின் ஆட்சி நிலைநாட்டப்படும், கொலைகாரரோடு பேச்சுக்கே இடமில்லை என்பன அதன் பல்லவிகள். அவ்வறிக்கைகளில் பொய் இருப்பதாக நாம் சொல்லவில்லை. சந்தையில் நிற்கும் தாயையும் பிள்ளையையும் சிதறடிப்பது கொடுமையிலும் கொடுமையே. ஆயினும் அறிக்கை விடும் அரசின் கைகள் அதற்கு முந்திய ஆண்டுகளில் என்ன செய்துகொண்டிருந்தன என்ற வினாவைக் கேட்பவர்கள் உடனே ஐயத்துக்கு ஆளாகின்றனர். காரணத்தைத் தேடுவது வேறு, கொலைக்கு நியாயம் தேடுவது வேறு. தாவீது பஞ்சத்தின் காரணத்தைக் கேட்டது பஞ்சத்தை ஆதரித்ததாகுமா?

இதைச் சிந்திக்க நாம் வட அயர்லாந்தை எடுத்துக்கொள்கிறோம். அது கத்தோலிக்கருக்கும் சீர்திருத்த சபையினருக்கும் இடையே மூண்ட மதச்சண்டை என்றே நம் வீடுகளில் பேசப்பட்டு வந்தது. செபமாலை உருட்டும் நம் பாட்டிமாருக்கு அயர்லாந்து என்றால் புனித பேட்ரிக்கின் நாடு. அங்கே நம்மவர் துன்புறுகின்றனர், அவ்வளவே. உண்மை அதைவிடச் சிக்கலானது. மேலும், சட்டத்தின் ஆட்சிக்கு உலகிற்கே முன்மாதிரி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அரசு அங்கே ஆண்டது. அதன் மறைவான கோப்புகள் பல இன்று திறந்து கிடக்கின்றன. ஆகவே ஊகித்துப் பேச வேண்டிய தேவை நமக்கில்லை.

1921இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டபோது வடக்கிலிருந்த ஆறு மாவட்டங்கள் பிரித்தானியாவோடு தங்கின. அங்கே மூன்றில் ஒரு பங்கினர் கத்தோலிக்கர். அடுத்த ஆண்டே சிறப்பு அதிகாரச் சட்டம் பிறந்தது. விசாரணையின்றிச் சிறையிடவும், கூட்டங்களைத் தடை செய்யவும், வீடுகளைச் சோதனையிடவும் அமைச்சர் ஒருவருக்கு அது அதிகாரம் அளித்தது. ஓராண்டுக்கு மட்டும் என்று வந்த சட்டம் அரை நூற்றாண்டு நிலைத்தது. தற்காலிகம் என்று சொல்லி வரும் கொடுஞ்சட்டங்களின் ஆயுளை நம் நாட்டிலும் நாம் அறிவோம் அல்லவா? 1963இல் தென்னாப்பிரிக்காவின் நீதித்துறை அமைச்சர் ஃபோர்ஸ்டர், தம் நாட்டு அடக்குமுறைச் சட்டங்கள் அனைத்தையும் அந்த ஐரிஷ் சட்டத்தின் ஒரே ஒரு பிரிவுக்கு மாற்றிக்கொள்ளத் தயார் என்று நாடாளுமன்றத்தில் கூறினார். நிறவெறி அரசு பொறாமைப்படும் சட்டம்!

டெரி நகரில் கத்தோலிக்கரே பெரும்பான்மையினர். ஆனால் நகரமன்றத்தின் 20 இடங்களில் 12 ஐக்கியவாதக் கட்சியிடம் இருந்தன, மற்றவர்க்கு 8. தொகுதிகளின் எல்லைகள் அவ்வாறு வெட்டி ஒட்டப்பட்டிருந்தன. இன்னொரு சூழ்ச்சி இதைவிட நுட்பமானது. உள்ளாட்சித் தேர்தலில் வயது வந்த அனைவருக்கும் வாக்கு இல்லை. வீட்டுக்கு வரி செலுத்துவோருக்கும் அவர் துணைவருக்குமே உண்டு. எனவே ஒரு குடும்பத்துக்கு நகரமன்ற வீடு ஒதுக்குவது வாக்கு ஒதுக்குவதாகவே ஆயிற்று. வீடு கொடுக்கும் அதிகாரம் யாரிடம்? அதே நகரமன்றத்திடம். ஒரே வீட்டில் மூன்று தலைமுறை நெருக்கிப் படுத்த கத்தோலிக்கக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்ததன் பொருள் இதுதான். 1968 ஜூனில் கேலடன் என்னும் சிற்றூரில் ஒரு புதிய வீடு, மணமாகாத 19 வயதுச் சீர்திருத்த சபைப் பெண்ணுக்குத் தரப்பட்டது. பிள்ளைகுட்டிகளோடு இருந்த கத்தோலிக்கக் குடும்பம் பக்கத்து வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டது. குடியுரிமை இயக்கத்தின் தீப்பொறி அங்கே விழுந்தது. அவர்கள் கேட்டவை ஒருவருக்கு ஒரு வாக்கு, நியாயமான வீடு, நியாயமான வேலை என்பனவே. அமெரிக்கக் கறுப்பின மக்களின் அறப்போரைப் பார்த்து அவர்கள் நடந்தனர். அவர்களின் பாடலையே பாடினர். 1968 அக்டோபர் 5ஆம் நாள் டெரியில் நடந்த ஊர்வலத்தைக் காவல்துறை தடிகொண்டு அடித்து நொறுக்கியது. தொலைக்காட்சியில் அதை உலகமே கண்டது.

1969 ஆகஸ்டில் கலவரம் முற்றியபோது பிரித்தானியப் படை இறங்கியது. கத்தோலிக்கத் தாய்மார்கள் அப்படைவீரர்களுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தனர் என்பதை இன்று நம்புவது கடினம். அப்போது ஐரிஷ் குடியரசுப் படை பெயரளவில் இருந்தது. தம் தெருக்களைக் காக்கவும் வலிமையற்றுக் கிடந்தது. மூன்றே ஆண்டுகளில் அது எவ்வாறு பெரும்படையாயிற்று? தேநீர்க் கோப்பை ஏந்திய கைகள் எவ்வாறு துப்பாக்கியை ஒளித்து வைத்தன? இதற்கு விடை தெரியாமல் பயங்கரவாதத்தின் வேர்களைப் பற்றிப் பேசுவது வீண்.

1971 ஆகஸ்ட் 9 அதிகாலை, விசாரணையற்ற சிறையடைப்பு தொடங்கிற்று. ஒரே நாளில் 342 பேர் பிடிபட்டனர். சீர்திருத்த சபையினரின் ஆயுதக் குழுக்கள் அதற்கு முன்பே கொலைகளில் இறங்கியிருந்தும் அவர்களில் ஒருவரும் பிடிபடவில்லை. காவல்துறையின் பட்டியல் பழையது. நூற்றுக்கு மேற்பட்டோரை இரண்டே நாட்களில் விடுவிக்க வேண்டியதாயிற்று. பெல்ஃபாஸ்டின் பாலிமர்பி பகுதியில் அந்நாட்களில் 10 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் அருட்தந்தை ஹியூ முல்லன். காயமுற்றுக் கிடந்த மனிதருக்கு உதவச் சென்ற இடத்தில் வீழ்ந்தார். பிடிபட்டோரில் 14 பேர் தனியே பிரிக்கப்பட்டனர். தலையை மூடும் சாக்கு, சுவரில் கை ஊன்றி மணிக்கணக்கில் நிற்றல், ஓயாத இரைச்சல், உறக்கமின்மை, உணவும் நீரும் மறுத்தல் என ஐவகை வதை. 1978இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இது மனிதத்தன்மையற்ற இழிநடத்தையே, ஆயினும் சித்திரவதை எனும் அளவை எட்டவில்லை என்று தீர்ப்பளித்தது. 2002இல் அமெரிக்க அரசின் சட்ட ஆலோசகர்கள் கைதிகளை வதைக்கும் முறைகளுக்குச் சட்டக் கவசம் தேடியபோது இந்தத் தீர்ப்பையே எடுத்துக்காட்டினர். ஒரு சொல்லின் அளவை நீதிமன்றம் சற்றே குறைத்தது. இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து எங்கோ எவரோ அதன் விலையைக் கொடுத்தனர்.

அவ்வாண்டு ஆகஸ்டுக்கு முன் வட அயர்லாந்தில் கொல்லப்பட்டோர் 30க்குச் சற்று மேல். ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை 130க்கும் மேல். பயங்கரத்தை அடக்க வந்த நடவடிக்கையின் பலன் இது.

பின்னர் 1972 சனவரி 30, ஞாயிற்றுக்கிழமை. சிறையடைப்பை எதிர்த்து டெரியில் ஊர்வலம். வான்குடைப் படையினர் சுட்டதில் அன்றே 13 பேர் மாண்டனர். காயமுற்ற ஒருவர் சில மாதங்களில் இறந்தார். மாண்டோரில் ஆறு பேர் 17 வயதினர். குண்டடிபட்ட சிறுவனைத் தூக்கிச் செல்வோர்க்கு முன்னே, இரத்தம் தோய்ந்த வெள்ளைக் கைக்குட்டையை அசைத்தபடி குனிந்து ஓடும் குருவின் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அவரே பின்னாளில் டெரியின் ஆயரான எட்வர்ட் டேலி.

சுட்டது ஒரு குற்றம். ஆனால் நாம் சொல்ல வந்தது அதற்குப் பின் நடந்ததைப் பற்றியது. இங்கிலாந்தின் தலைமை நீதிபதி விட்ஜரி பிரபு விசாரணைக்கு அமர்த்தப்பட்டார். நாம் நடத்துவது இராணுவப் போர் மட்டுமன்று, பரப்புரைப் போரும் ஆகும் என்று பிரதமர் ஹீத் அவருக்கு நினைவூட்டினார். அச்சந்திப்பின் குறிப்பு பல ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்தது. பதினொரு வாரங்களில் அறிக்கை தயார். முதலில் சுட்டவர்கள் படையினர் அல்லர், இறந்தவர்களில் சிலர் ஆயுதமோ குண்டோ கையாண்டிருக்கலாம் என்ற வலுவான ஐயம் உண்டு, படையினர் சிலரின் செயல் சற்றே பொறுப்பின்மையை நெருங்கியது என அறிக்கை முடிந்தது. படைத்தளபதிக்குச் சில மாதங்கள் கழித்து அரசியின் விருது கிடைத்தது. மகனைப் புதைத்த தாய்க்கோ அவன் கொலைகாரன் என்ற பழி கிடைத்தது.

நாபோத்தின் கதையை இங்கே நினைக்காதிருக்க முடியுமா? ஆகாபு அவருடைய திராட்சைத் தோட்டத்தைப் பறித்துக்கொள்ள விரும்பினார். ஈசபேல் அரசி அதற்காகக் கொள்ளையரை ஏவவில்லை. நோன்பு அறிவித்தார், ஊர்ப் பெரியோரைக் கூட்டினார், இரு சாட்சிகளை முறைப்படி அமர்த்தினார், முத்திரை இட்ட மடல் அனுப்பினார். எல்லாம் சட்டப்படி. நாபோத்து கடவுளையும் அரசரையும் பழித்தவர் என்ற தீர்ப்போடு கல்லெறியுண்டு இறந்தார். அரசின் கபடம் கொலையைவிடக் கொடியதாவது இங்கேதான். கொலை உயிரைப் பறிக்கிறது. பொய்த் தீர்ப்போ இறந்தவரின் பெயரையும் பறித்து, நீதி என்னும் சொல்லின்மீது மக்கள் வைத்த நம்பிக்கையையும் கொன்றுவிடுகிறது. டெரியின் இளைஞர்கள் பலர் ஐரிஷ் குடியரசுப் படையில் சேர வரிசையில் நின்றது அந்த வாரங்களில்தான். அமைதி வழியில் நடந்த குடியுரிமை இயக்கம் அத்தோடு தளர்ந்தது. வட அயர்லாந்தின் துயர ஆண்டுகளிலேயே கொடியது 1972. ஏறக்குறைய 480 பேர் மாண்டனர்.

இந்தியராகிய நமக்கு இது புதிய கதையன்று. 1919இல் ஜாலியன்வாலா பாக்கில் நடந்ததற்கும் ஒரு விசாரணைக் குழு அமைந்தது; டையருக்குப் பணமுடிப்பு திரட்டப்பட்டது. அந்தப் படுகொலையைச் சரியென்று ஏற்ற பஞ்சாப் துணை ஆளுநர் மைக்கேல் ஓ'டுவையர் யார் தெரியுமா? அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்தில் பிறந்த கத்தோலிக்கர். அடக்கப்பட்ட மக்களின் மைந்தன் வேறொரு மக்களை அடக்கினான். 1940இல் லண்டனில் உதம் சிங்கின் துப்பாக்கி அவரைத் தேடி வந்தது. இதை இங்கே நாம் குறிப்பிடுவதற்குக் காரணம், அயர்லாந்தின் கதையைப் படித்து நம்மவர் எப்போதும் ஆபேலின் பக்கமே இருந்தனர் என்று எண்ணிவிடலாகாது என்பதே.

நீதிமன்றங்களின் கதை அத்தோடு முடியவில்லை. 1974 நவம்பரில் பர்மிங்காம் நகரின் இரு மதுக்கடைகளில் குண்டு வெடித்து 21 பேர் மாண்டனர். மக்களின் கோபத்துக்கு விடை வேண்டியிருந்தது. ஆறு ஐரிஷ்காரர்கள் அடித்து உதைக்கப்பட்டனர்; அவர்களில் நால்வர் ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டனர். ஆயுள் தண்டனை. தம்மைத் துன்புறுத்திய காவலர்கள்மீது அவர்கள் வழக்குத் தொடுத்தபோது, 1980இல் நீதிபதி டெனிங் பிரபு அதைத் தள்ளினார். அவர் சொன்ன காரணத்தை நம் வழக்கறிஞர் நண்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள்: இவர்கள் சொல்வது உண்மையானால் காவலர்கள் பொய்ச்சான்று கூறினர், வன்முறை செய்தனர் என்றாகும், அது சிந்திக்கவும் பொறாத கொடுங்காட்சி, ஆகையால் வழக்கு மேலே செல்லலாகாது! உண்மை கொடியது, எனவே அது உண்மையாக இருக்கக்கூடாது. 1991இல், பதினாறு ஆண்டுகள் சிறையிருந்த பிறகு, அறுவரும் குற்றமற்றவராய் வெளியே வந்தனர். அந்த 21 பேரைக் கொன்றதற்காக வேறு எவரும் தண்டிக்கப்படவில்லை. பொய் வழக்கு குற்றமற்றவர்களைச் சிறையிட்டதோடு நிற்கவில்லை, குற்றவாளிகளையும் விடுவித்தது.

பேச்சுக்கே இடமில்லை என்ற பல்லவியைப் பற்றியும் ஓரிரு சொற்கள். 1972 ஜூலை 7 அன்று, லண்டனின் செல்சி பகுதியில், அமைச்சர் ஒருவரின் இல்லத்தில், வட அயர்லாந்துச் செயலர் வொயிட்லா குடியரசுப் படையின் தலைவர்களைச் சந்தித்தார். அவர்களுள் ஒருவரான ஜெரி ஆடம்ஸ் இதற்கெனவே காவலிலிருந்து விடுவிக்கப்பட்டவர். 1988 முதல் 1994 வரை அவருடைய குரல் பிரித்தானிய வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிக்கத் தடை. நடிகர் ஒருவர் அவருடைய சொற்களை வாயசைவுக்கேற்பப் பேசுவார். குழந்தைகளும் நகைத்த கூத்து அது. 1993 நவம்பர் முதல் நாள், ஆடம்சோடு பேசுவது வயிற்றைக் குமட்டும் என்று பிரதமர் மேஜர் நாடாளுமன்றத்தில் முழங்கினார். அம்மாத இறுதிக்குள் செய்தித்தாள் ஒன்று உண்மையை உடைத்தது: அரசு நீண்ட நாளாகவே மறைமுகமாகப் பேசிக்கொண்டிருந்தது. பேசியது குற்றமன்று, பேசியதே நன்று. பேசிக்கொண்டே பேசமாட்டோம் என்றதுதான் கபடம். வெளிப்படையாகப் பேசியிருந்தால் எத்தனை கல்லறைகள் குறைந்திருக்கும் என்று நாம் எண்ணாமலிருக்க முடியவில்லை.

ஆனால் அரசின் கபடத்தை எடுத்துரைத்துவிட்டுத் துப்பாக்கி ஏந்தியவர்க்கு மாலை சூட்ட இயலுமா? துயர ஆண்டுகளில் இறந்த ஏறக்குறைய 3,500 பேரில் பாதிக்கு மேற்பட்டோரைக் கொன்றவை குடியரசுவாத ஆயுதக் குழுக்கள். அரசுப் படைகள் கொன்றது அதில் சிறு பங்கு. 1972 ஜூலை 21 அன்று பெல்ஃபாஸ்டில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பொழுதில் 20 குண்டுகள் வெடித்தன. 9 பேர் இறந்தனர். 1987 நவம்பர் 8 அன்று என்னிஸ்கில்லன் ஊரில் போர் நினைவு நாளுக்காகக் கூடிய 11 பேர் மாண்டனர். இடிபாடுகளுக்குள் மகளின் கையைப் பற்றியபடி கிடந்து, பின் அவளை இழந்த கோர்டன் வில்சன் அன்று மாலையே, கொன்றவர்கள்மீது தமக்குப் பகையில்லை என்று கூறினார். அவர் மெதடிஸ்டு சபையினர்.

கபடமும் அரசுக்கு மட்டும் உரிய சொத்தன்று. 1972 டிசம்பரில் பெல்ஃபாஸ்டில் ஜீன் மெக்கான்வில் என்ற விதவை, பத்துப் பிள்ளைகளின் தாய், திருமணத்தையொட்டிக் கத்தோலிக்கரானவர், வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டார். பிள்ளைகள் விடுதிகளுக்குச் சிதறினர். அம்மா உங்களை விட்டுவிட்டு ஓடிப்போனாள் என்ற பேச்சை அவர்கள் கேட்டு வளர்ந்தனர். கொன்று புதைத்தது நாங்களே என்று குடியரசுப் படை ஒப்புக்கொண்டது 1999இல். எலும்புகள் கடற்கரை மணலில் அகப்பட்டது 2003இல். உளவாளி என்ற பழிக்கும் சான்று இல்லை என்று 2006இல் காவல்துறைக் குறைதீர்ப்பாளர் கூறினார். கொன்றபின் இறந்தவரின் பெயரைக் கெடுக்கும் கலையை விட்ஜரியிடமிருந்து இவர்கள் கற்றனரோ!

1979 செப்டம்பர் 29 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் டிரோகடாவில் வன்முறையாளரிடம், முழந்தாளிட்டு மன்றாடுகிறேன், திரும்பி வாருங்கள் என்று வேண்டினார். குடியரசுப் படை சில நாட்களில் மறுத்துவிட்டது. இதை யாவரும் நினைவுகூர்வர். அதே உரையில் அரசியலாளர்களை நோக்கியும் அவர் பேசினார்: நீதியான மாற்றத்துக்கு நீங்கள் துணியாவிட்டால் களம் வன்முறையாளர்க்கே திறந்துவிடப்படும் என்று எச்சரித்தார். இந்த இரண்டாம் பகுதியை எடுத்துக்காட்டுவோர் மிகச் சிலரே.

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத் தொடக்கம் இத்தகைய வேளைக்காகவே எழுதப்பட்டதுபோல் தோன்றுகிறது. பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்றான், அவர்களின் இரத்தம் பலிகளின் இரத்தத்தோடு கலந்தது என்று சிலர் ஆண்டவரிடம் வந்து சொல்கின்றனர். அரசு நிகழ்த்திய கொலை, அதுவும் வழிபாட்டு இடத்தில். வந்தவர்கள் எதை எதிர்பார்த்தனர்? பிலாத்தின்மீது சாபமா? அல்லது இறந்தவர்கள் கலகக்காரர்கள், அவர்களுக்கு வேண்டியதே என்ற தீர்ப்பா? ஆண்டவர் இரண்டையும் தரவில்லை. இறந்தவர்கள் மற்றவரைவிடப் பெரும் பாவிகள் என்ற எண்ணத்தை முதலில் மறுக்கிறார். அங்கேயே விட்ஜரியின் அறிக்கை கிழிந்துவிடுகிறது. உடனே, மனம் மாறாவிட்டால் நீங்களும் அவ்வாறே அழிவீர்கள் என்று செய்தி கொண்டுவந்தவர்களையே நோக்கித் திரும்புகிறார். பிலாத்தின் கொடுமையைக் கேட்டு வாளெடுக்க விரைந்தவர்களுக்கும் அது சொல்லப்பட்டது. பின்னர் அதே பிலாத்தின் முற்றத்தில், கலகத்தில் கொலை செய்தோருடன் பிடிபட்டிருந்த பரபா விடுதலையானான். அவன் இடத்தில் ஆண்டவர் சிலுவை சுமந்தார்.

நம்மை நோக்கித் திரும்பும் அந்தச் சொல்லிலிருந்து நாம் தப்ப இயலாது. 1972 ஜூலை 31 அன்று டெரி மாவட்டத்தின் கிளாடி என்ற சிற்றூரில் மூன்று வாகனக் குண்டுகள் வெடித்தன. ஒன்பது பேர் இறந்தனர். ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் ஒருங்கே மாண்டனர். குண்டு வைத்தவர்களுள் ஒருவர் என்று காவல்துறை ஐயுற்றது யாரை? ஒரு கத்தோலிக்க குருவை. 2010 ஆகஸ்டில் வெளிவந்த குறைதீர்ப்பாளர் அறிக்கை, காவல்துறை அந்தக் குருவைக் கைது செய்யத் துணியவில்லை என்றும், அமைச்சர் வொயிட்லாவும் கர்தினால் கான்வேயும் 1972 டிசம்பரில் சந்தித்து அவரைப் பற்றிப் பேசினர் என்றும், பின்னர் அவர் எல்லைக்கு அப்பால் டோனகால் பகுதிக்கு மாற்றப்பட்டார் என்றும் கூறிற்று. அவர் 1980இல் இறந்தார். அவர்மீது வழக்கு எதுவும் தொடரப்படவில்லை, குற்றம் மெய்ப்பிக்கப்படவும் இல்லை. மூடிமறைத்தலில் தாங்கள் ஈடுபடவில்லை என்று திருச்சபை தரப்பில் விளக்கம் தரப்பட்டது. அப்படியே ஆகட்டும். ஆயினும் குருவைக் கைது செய்தால் கலவரம் மூளும் என்று அஞ்சிய அரசும், இடறல் ஏற்படும் என்று அஞ்சிய ஆயரகமும் ஒரே மேசையில் அமர்ந்தபோது, கிளாடியில் பிள்ளையைப் புதைத்த பெற்றோருக்கு அங்கே நாற்காலி இல்லை.

அதே 2010ஆம் ஆண்டில்தான், ஜூன் 15 அன்று, டெரியின் நகரமன்றச் சதுக்கத்தில் மக்கள் திரண்டிருந்தனர். 1998இல் அமைக்கப்பட்ட சாவில் பிரபுவின் புதிய விசாரணை பன்னிரண்டு ஆண்டுகள் நடந்து பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. சுடப்பட்டவர்களில் எவரும் அதற்குரிய தீங்கு எதையும் செய்யவில்லை. படையினர் பலர் பொய் கூறினர். பிரதமர் கேமரன் நாடாளுமன்றத்தில் எழுந்து, நடந்தது எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாதது என்று சொல்லி நாட்டின் சார்பில் மன்னிப்புக் கோரினார். சதுக்கத்தில் விட்ஜரியின் அறிக்கை கிழித்தெறியப்பட்டது. 38 ஆண்டுகள்! அதற்குள் பெற்றோர் பலர் மகனின் பெயர் துலங்கக் காணாமலே கண்மூடியிருந்தனர். பாலிமர்பி மக்களுக்கு அந்த நாள் வர இன்னும் 11 ஆண்டுகள் ஆயின. அருட்தந்தை முல்லன் உள்ளிட்ட பத்துப் பேரும் முற்றிலும் குற்றமற்றவர்கள் என்று 2021 மே மாதம் நீதிபதி அறிவித்தார்.

கிபயோனியரின் கதையில் நாம் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்றுண்டு. அவர்கள் பொன்னும் வெள்ளியும் வேண்டாம் என்று மறுத்துச் சவுலின் வழிமரபில் ஏழு பேரைக் கேட்டனர், தாவீது கொடுத்தார். வாற்கோதுமை அறுவடை தொடங்கிய நாளில் எழுவரும் மலையில் கொல்லப்பட்டுத் தொங்கினர். பழிக்குப் பழி நிறைவேறிற்று. மாண்டோரில் இருவரின் தாயான இரிஸ்பா சாக்குத் துணியைப் பாறைமேல் விரித்து அமர்ந்தாள். பகலில் பறவைகளும் இரவில் காட்டு விலங்குகளும் அவ்வுடல்களைத் தொடாதபடி, வானத்து மழை பொழியும்வரை காத்தாள். எத்தனை வாரங்களோ நாம் அறியோம். அவள் யாரையும் சபித்ததாகவும் இல்லை, ஆள் திரட்டியதாகவும் இல்லை. செய்தி அரசரை எட்டியது. அவர் சவுல், யோனத்தான் ஆகியோரின் எலும்புகளைக் கொண்டுவரச் செய்து, தொங்கியவர்களின் எலும்புகளையும் திரட்டி, முறைப்படி அடக்கம் செய்வித்தார். அதன் பின்னரே நாட்டுக்கான மன்றாட்டைக் கடவுள் கேட்டருளினார் என்று விவிலியம் முடிக்கிறது. ஏழு பேர் தொங்கவிடப்பட்ட உடனே அது சொல்லப்படவில்லை. ஒரு தாயின் காவலை அரசர் கண்திறந்து பார்த்த பிறகே சொல்லப்படுகிறது.

அயர்லாந்தில் அமைதி வந்ததும் இத்தகைய காவலர்களாலேயே. 1988 மார்ச் 19 அன்று பெல்ஃபாஸ்டில், சவ ஊர்வலத்துக்குள் வாகனத்தோடு சிக்கிய இரு படைவீரர்களைக் கூட்டம் அடித்து இழுத்துச் சென்றது. குடியரசுப் படையினர் சுட்டுக் கொன்றனர். இரட்சகர் சபைக் குருவான அலெக் ரீட், சுற்றி நின்ற பகையைப் பொருட்படுத்தாமல், அவ்வுடல்களின் அருகே முழந்தாளிட்டு மூச்சு ஊதிப் பார்த்தார். பின் அவர்களுக்கு நோயில் பூசுதல் அளித்தார். அவர் சட்டைப் பையில் அன்று ஓர் உறை இருந்தது. ஆடம்சின் தரப்பிலிருந்து மிதவாதத் தலைவர் ஜான் ஹியூமுக்கு அனுப்பப்பட்ட அமைதி யோசனைகள் அதில் இருந்தன. உறையில் படைவீரரின் இரத்தம் படிந்தது. அவர் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1998 ஏப்ரல் 10, பெரிய வெள்ளியன்று உடன்படிக்கை கையெழுத்தானது. ஒருவருக்கு ஒரு வாக்கு என்று 1968இல் கேட்டவர்களுக்கு ஆட்சியில் பங்கே கிடைத்தது. இடையில் போன உயிர்கள் திரும்பவில்லை. அந்த ஆகஸ்டிலேயே ஓமா நகரில், உடன்படிக்கையை ஏற்காத குழு வைத்த குண்டுக்கு மேலும் 29 பேர் இரையாயினர்.

டெரியில் சுட்ட படையினருள் ஒருவர் மட்டுமே கொலைக் குற்றத்துக்காக நீதிமன்றம் ஏறினார். அவரும் 2025 அக்டோபரில் சான்று போதாமையால் விடுவிக்கப்பட்டார். வட அயர்லாந்தின் பழைய சாவுகளைப் பற்றிய நீதி விசாரணைகளை நிறுத்த லண்டன் 2023இல் ஒரு சட்டமே இயற்றியது. அங்குள்ள கட்சிகள் ஏறத்தாழ அனைத்தும், இரு பக்கத்தாரும், அதை ஒருசேர எதிர்த்தன. கிளாடியின் ஒன்பது பேரைக் கொன்றதற்காக இன்றுவரை தண்டிக்கப்பட்டவர் எவருமில்லை. அங்கே இரிஸ்பாவின் சாக்குத் துணி இன்னும் பாறைமேல்தான் விரிந்திருக்கிறது.